வரவழைக்கும் பணமும் தங்கவைக்கும் பணமும்

மருத்துவரும் செவிலியரும் செல்லத் தயங்கும் ஊர்களுக்கு அவர்களை வரவழைப்பதற்காக அளிக்கப்படும் பணப்பயன் பல வடிவங்களை எடுக்கிறது. அது ஊதியத்துக்கு மேலான படியாக இருக்கலாம். கல்விக் கடனை அரசே தீர்த்துவைக்கும் ஏற்பாடாக இருக்கலாம். பணிசெய்யும் கடப்பாட்டுடன் மாணவப் பருவத்திலேயே தரப்படும் உதவித்தொகையாகவும் இருக்கலாம். எதுவாயினும் அதனை ஊக்கத்தொகை என்ற ஒரே சொல்லால் குறிப்பது ஆட்சித்துறையின் வழக்கமாகிவிட்டது. ஊக்கம் என்பது உள்ளத்தில் குறைந்திருப்பதை வெளியிலிருந்து ஊட்டுவது என்ற பொருளைத் தருவதால், மலையூருக்குச் செல்லாத மருத்துவரிடம் குறைவது மனமே என்ற எண்ணத்தை அச்சொல் கேட்பவரிடம் விதைத்துவிடுகிறது. ஆனால் ஒரு மருத்துவர் மாவட்டத் தலைநகரை விட்டு மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இழப்பவை எண்ணிக் கணக்கிடத்தக்கவை: பணி நேரத்துக்குப் பிந்தைய தனிமருத்துவ வருமானம், வாழ்க்கைத்துணையின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஐயம் வந்தால் கேட்டறியப் பக்கத்தில் இருக்கும் மூத்த மருத்துவர், முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் வசதி. இவற்றுக்கு ஈடாகத் தரப்படுவதை ஈட்டுத்தொகை என்று அழைப்பதே பொருத்தம். அவ்வாறு அழைத்தால், கொடுப்பது போதுமா என்ற கேள்வியும் உடனெழும்.

இந்த ஈட்டின் தேவை உலகளாவியது. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரகங்களில் வாழ்ந்தபோதிலும், செவிலியரில் 38 விழுக்காட்டினரும் மருத்துவரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுமே அங்குப் பணிபுரிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளில் குறிப்பிட்டது. இதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பே, தெற்கு வேல்சில் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் பணிபுரிந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், 1971இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில், நோயின் சுமை மிகுந்த இடத்திலேயே நல்ல மருத்துவம் அரிதாகிறது என்றும், மருத்துவம் சந்தையின் போக்குக்கு விடப்படும் அளவுக்கு இந்த முரண் கூடுகிறது என்றும் வாதிட்டார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று பெயர்பெற்ற அக்கருத்தை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பணம் கொடுத்து மருத்துவரை வரவழைப்பது சந்தை உண்டாக்கிய குறையைச் சந்தையின் கருவியாலேயே சரிசெய்யும் முயற்சியாகும். ஆகவே சந்தை விலை ஏறும்போதெல்லாம் அரசு தரும் விலை சிறுத்துப்போகிறது.

இவ்வுரையின் மையக் கருத்தைச் சுருங்கச் சொல்வதாயின், ஒருவரை ஓர் ஊருக்கு வரவழைப்பதும் அவரை அங்கே தங்கவைப்பதும் இருவேறு காரியங்கள். முன்னதற்குப் பணம் பெரிதும் உதவுகிறது. பின்னதற்குப் பணம் உதவவேண்டுமானால் அது வேறு வடிவில், வேறு காலத்தில், சில வேளைகளில் வேறு ஆட்களுக்குத் தரப்படவேண்டும். பெரும்பாலான அரசுகள் முன்னதற்கு மட்டுமே திட்டமிட்டுவிட்டு, பின்னது தானாக நிகழும் என்று காத்திருக்கின்றன.

இந்த வேறுபாட்டை ஆய்வுகளும் காட்டுகின்றன. பணியாற்றும் கடப்பாட்டுடன் இணைந்த பணப்பயன்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி பார்னிக்ஹவுசன், புளூம் ஆகிய இருவரும் 2009இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட 43 ஆய்வுகளில் 34 அமெரிக்காவைப் பற்றியவை. எஞ்சியவை ஜப்பான், கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கு உரியவை. திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைக் காட்டிலும் நெடுங்காலத்துக்குப் பின்னும் மருத்துவர் குறைந்த பகுதிகளில் பணிபுரியும் வாய்ப்பு மிகுதி என்பதும், ஆனால் முதலில் அமர்த்தப்பட்ட அதே ஊரில் அவர்கள் தொடரும் வாய்ப்புக் குறைவு என்பதும் அத்தொகுப்பாய்வின் முடிவுகள். ஆட்சியாளருக்கு முதல் முடிவு நிறைவளிக்கலாம். அந்த ஊர்க்காரருக்கோ இரண்டாவது முடிவே வாழ்க்கையில் எதிர்ப்படுவது. தம் நோயின் வரலாற்றைப் புதிது புதிதாக வரும் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தாம். மேலும், இத்திட்டங்களில் சேர்வோர் இயல்பாகவே ஊரகப் பணியில் நாட்டமுடையோராக இருக்கக்கூடும் என்பதால், விளைவு முழுவதையும் பணத்தின் கணக்கில் எழுதிவிடவும் இயலாது.

பணம் எப்போது தரப்படுகிறது என்பது எவ்வளவு தரப்படுகிறது என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி 1972இல் களத்துக்கு வந்த தேசிய சுகாதாரப் பணிப்படை முதன்மையாக இரு வழிகளில் பணம் தருகிறது. படிக்கத் தொடங்கும்போதே உதவித்தொகை தந்து பின்னாளைய பணிக்கு ஒப்பந்தம் வாங்குவது ஒருவழி. படித்து முடித்தவர் மருத்துவர் குறைந்த பகுதியில் பணியாற்ற முன்வரும்போது அவருடைய கல்விக் கடனைத் தீர்ப்பது மற்றொரு வழி. முதல்வழியில் கையொப்பமிடுபவர், தாம் எத்தகைய மருத்துவராக வருவோம், யாரை மணப்போம், எங்கு வாழ விரும்புவோம் என்பவற்றை அறியாத வயதில் தம் எதிர்காலத்தை அடகு வைக்கிறார். இரண்டாம் வழியில் வருபவர் தம்மையும் தாம் செல்லும் ஊரையும் ஓரளவு அறிந்தவர். பின்னவரே நீண்டகாலம் தங்குகின்றனர் என்பது அந்நாட்டு அனுபவம்.

ஆனால் முன்கூட்டிய ஒப்பந்தம் எங்கும் தோற்கும் என்று முடிவு கட்டுவதை ஜப்பான் தடுக்கிறது. அந்நாட்டின் 47 மாநிலங்களும் கூட்டாகச் செலவேற்று 1972இல் நிறுவிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரண்டு அல்லது மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றிக் கற்பித்து, ஆறாண்டுப் படிப்பின் ஒன்றரை மடங்காகிய ஒன்பதாண்டுகள் அவரவர் சொந்த மாநிலத்தில் பணியாற்றுமாறு பணிக்கிறது; ஒப்பந்தத்தை முறிப்பவர் படிப்புச் செலவு முழுவதையும் ஒரே தவணையில் வட்டியுடன் செலுத்தவேண்டும். முறிப்பவர் மிகச் சிலர். கடுமையான தண்டம் இதற்கு ஒரு காரணம் என்றாலும், மாணவர் தாம் பிறந்த மாநிலத்துக்கே திரும்புகிறார் என்பதும், அவருக்கு முன்னே அதே வழியில் சென்ற மூத்தோர் அங்கே இருக்கின்றனர் என்பதும் அதைவிட வலிய காரணங்களாகத் தோன்றுகின்றன.

இத்துறையில் மிக நீண்ட, மிக நேர்மையான பாடத்தைத் தருவது தாய்லாந்து. 1960களின் பிற்பகுதியில் மருத்துவர்கள் பெருமளவில் அமெரிக்காவுக்குச் செல்லத் தொடங்கியபோது, மருத்துவப் பட்டதாரிகள் மூன்றாண்டுகள் அரசுப் பணியாற்றவேண்டும், மறுப்போர் தண்டம் செலுத்தவேண்டும் என்று அந்நாடு விதித்தது. தண்டத் தொகை 4,00,000 பாட் என்ற அளவில் நிலைத்துவிட்டது. பல்லாண்டுக்கால விலையேற்றத்தில் அத்தொகையின் மதிப்புத் தேய்ந்ததால், தனியார் மருத்துவமனை ஒன்றில் சேரும் இளம் மருத்துவருக்கு அது தாங்கக்கூடிய செலவாயிற்று. 1975 முதல் தொலைவூர்களில் பணிபுரிவோருக்குக் கடினப் பணிப்படி வழங்கப்பட்டது. ஆனால் தாய்லாந்து படியோடு நிற்கவில்லை. 1980களின் முதற்பாதியில் நகர மருத்துவமனைகளின் புதிய கட்டுமானங்களைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்து, அந்நிதியை மாவட்ட அளவிலான சமுதாய மருத்துவமனைகளுக்கும் அங்குள்ள பணியாளர் குடியிருப்புகளுக்கும் திருப்பிவிட்டது. ஏழைநாடு ஒன்றின் அரசு, தலைநகரின் செல்வாக்குமிக்க மருத்துவமனைகளைக் காக்கவைத்துச் சிற்றூர்களுக்கு முதலிடம் தந்த இம்முடிவு, ஊக்கத்தொகை பற்றிய எந்த அரசாணையைக் காட்டிலும் துணிவு மிக்கது.

அதன்பின் நிகழ்ந்தது, பணத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்து பாங்காக்கில் தனியார் மருத்துவமனைகள் பெருகியபோது, மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து மருத்துவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அரசு படிகளை உயர்த்தியும், தனிமருத்துவம் செய்யாதிருப்போருக்குத் தனித்தொகை அளித்தும் அவ்வோட்டத்தை முழுவதுமாகத் தடுக்க இயலவில்லை. 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடி வந்து தனியார் மருத்துவமனைகள் நலிந்தபோது, அதே மருத்துவர்கள் பலர் அரசு மருத்துவமனைகளுக்குத் திரும்பினர். படியின் மதிப்பு அதன் தொகையில் மட்டும் அடங்கியதன்று. நகரம் தரக்கூடிய வருமானத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி அரிது. இதை உணர்ந்தே 1990களின் நடுவில் அந்நாடு வேறொரு பாதையையும் திறந்தது. ஊரக மாணவர்களை அவரவர் பகுதிக்கென்றே தேர்ந்தெடுத்து, மருத்துவப் பயிற்சியின் பிற்பகுதியைத் தலைநகரில் அளிக்காமல் மாகாண மருத்துவமனைகளிலேயே அளித்து, சொந்தப் பகுதிக்குத் திருப்பியனுப்பும் திட்டம் அது. அவ்வழியில் வந்தோர் பொதுத் தேர்வின் வழி வந்தோரைவிட நீண்டகாலம் ஊரகப் பணியில் தங்கியதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

தமிழ்நாட்டின் அனுபவம் இவற்றிலிருந்து ஒரு முக்கியமான வகையில் மாறுபடுகிறது. இங்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டென்றாலும், இளம் மருத்துவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஈர்த்த உண்மையான நாணயம் பணமாக இருந்ததில்லை. அது முதுநிலைப் படிப்பில் ஓரிடம். அரசுப் பணியில் குறித்த காலம் ஆற்றியவர்களுக்கென மாநிலத்தின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காட்டை ஒதுக்கி, ஊதியத்துடன் படிக்கவிட்டு, படித்தபின் அரசுப் பணியிலேயே தொடரச் செய்வது இம்முறையின் சாரம். மருத்துவர்களிடையே 'சர்வீஸ் கோட்டா' என்று வழங்கும் இவ்வொதுக்கீட்டைப் பணப்பயனாகக் கருதலாகாது என்று சிலர் கூறலாம். தனியார் கல்லூரியில் அதே இடத்துக்குச் செலுத்தவேண்டிய கட்டணத்தையும், சிறப்பு மருத்துவராக வாழ்நாள் முழுவதும் ஈட்டக்கூடிய கூடுதல் வருமானத்தையும் எண்ணிப்பார்த்தால், அரசு ஒரு மருத்துவருக்குத் தரும் பணப்பயன்களில் இதுவே மிகப் பெரியது என்பது புலப்படும். பல வடமாநிலங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மருத்துவரின்றிக் கிடந்த காலத்திலும் தமிழ்நாட்டில் அப்பணியிடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருந்ததற்கு இந்த ஒதுக்கீடு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கு மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் கிடைத்ததும் இதே வாயிலால்தான்.

இந்த ஏற்பாடு 2016இல் தடைப்பட்டது. உத்தரப் பிரதேசத்தைச் சார்ந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகளே முழுமையான நெறி என்றும், பட்டப்படிப்பு இடங்களில் பணியிலுள்ளோருக்குத் தனி ஒதுக்கீடு அவ்விதிகளில் இல்லை என்றும் கூறியது. அவ்விதிகள் ஒதுக்கீட்டுக்கு மாற்றாக ஊக்க மதிப்பெண்ணை வழங்கின. தொலைவான அல்லது கடினமான பகுதி என மாநில அரசு அறிவித்த இடத்தில் ஆற்றிய ஒவ்வோராண்டுப் பணிக்கும், நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் 10 விழுக்காடு, உச்ச அளவாக 30 விழுக்காடு வரை கூட்டித் தரப்படும் என்பது விதி. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டு இதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினர். தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று, பணியிலுள்ளோருக்கு ஒதுக்கீடு வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும், மருத்துவக் கழகம் அதைத் தடுக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி உரிமையின் வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனியிடம் உண்டு. இங்கு வேண்டுவது இவ்வழக்கு விவாதங்களின் இன்னொரு பக்கம்.

ஊக்க மதிப்பெண் விதியின் கணக்கைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரே மலையில், ஒரே நிலையத்தில், மூன்றாண்டுகள் பணியாற்றிய இருவருள் ஒருவர் 400 மதிப்பெண்ணும் மற்றவர் 600 மதிப்பெண்ணும் பெற்றால், முன்னவருக்கு 120 மதிப்பெண்ணும் பின்னவருக்கு 180 மதிப்பெண்ணும் கூடுகின்றன. இருவரும் ஏறிய மலை ஒன்றே. மழைநாளில் இருவருக்கும் வழி மறைந்தது ஒரே பாதையில்தான். ஆயினும் ஈடு, பட்ட இன்னலை ஒட்டி அமையாமல் தேர்வுத் திறனை ஒட்டி அமைந்தது. இன்னலுக்கான ஈட்டை எதனுடன் பெருக்குவது என்ற எளிய கேள்வியில் நிகழ்ந்த இப்பிழை, சட்ட விவாதங்களின் இரைச்சலில் போதிய கவனம் பெறவில்லை. எந்த ஊர் கடினமானது என்பதும் சிக்கலான வினாவே. பட்டியலில் இடம்பெறுவதால் மதிப்பெண் கூடும் என்றானவுடன் ஒவ்வொரு நிலையத்துக்கும் பட்டியலில் நுழையக் காரணம் பிறக்கிறது. பட்டியல் நீள நீள, உண்மையிலேயே கடினமான மலையூருக்கும் நெடுஞ்சாலையோரத்து நிலையத்துக்கும் வேறுபாடு அழிகிறது.

ஒதுக்கீட்டுக்கும் ஊக்க மதிப்பெண்ணுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. முதுநிலை இடம் என்பது, பெறும் நாளிலேயே அந்த ஊரை விட்டு வெளியேற்றும் பரிசு. மருத்துவர் தங்கியிருந்த ஆண்டுகளுக்கு ஈடாக அவருக்கு வழங்கப்படுவது போகும் வழி. முதுநிலை முடித்து வருபவர் குழந்தை மருத்துவராகவோ எலும்பு மருத்துவராகவோ பெரிய மருத்துவமனைக்கே செல்வார்; அவருடைய திறனுக்கு அங்கேதான் பயன். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிடைப்பது, இளம் மருத்துவர்களின் தொடர்ச்சியான வரிசை. அவர்களில் பலர் அர்ப்பணிப்புடன் உழைப்பவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நோயாளிகளைப் பார்த்து, ஊரின் முகங்கள் பழகத் தொடங்கும் வேளையில் கலந்தாய்வுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பேறுகாலப் பணிக்கு இந்தச் சுழற்சி போதுமானதாக இருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதன்மை நோய்களாகிவிட்ட இன்றைய தமிழ்நாட்டில், ஒரே நோயாளியைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் தேவை. அத்தகைய தொடர்ச்சியை முதுநிலை இடம் என்னும் நாணயத்தால் வாங்க முடியாது. குடும்ப மருத்துவத்தில் முதுநிலை பெற்று அதே நிலையத்துக்கு உயர்ந்த பதவியில் திரும்பும் வழி பெருமளவில் திறக்கப்படுமானால் இம்முரண் தளரும்.

பேச்சு முழுவதும் மருத்துவரைச் சுற்றியே நிகழ்வது இத்துறையின் பழைய குறை. தென்னாப்பிரிக்கா 2004இல் விரிவாக நடைமுறைப்படுத்திய ஊரகப் படியில் மருத்துவருக்கு ஊதியத்தின் 18 முதல் 22 விழுக்காடும், செவிலியரில் முழுத்தகுதி பெற்றோருக்கு மட்டும் 8 முதல் 12 விழுக்காடும் தரப்பட்டன. மருத்துவமனையின் ஒரே கூரையின்கீழ் உழைக்கும் ஏனைய செவிலியர் விடுபட்டனர். அப்படி விடுபட்டோரிடையே எழுந்த மனக்கசப்பைப் பின்வந்த ஆய்வுகள் பதிவுசெய்தன. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் கிருஷ்ணா ராவும் உடன் ஆய்வாளர்களும் தெரிவுச் சோதனை என்னும் முறையில் ஆய்ந்தனர். ஊதியம், வீடு, இடம், மேற்படிப்பு ஆகியவை வெவ்வேறாகக் கலந்த கற்பனை வேலைகளை இரண்டிரண்டாக முன்வைத்து, எதைத் தேர்வீர் என்று வினவி, தெரிவுகளின் போக்கிலிருந்து ஒவ்வொரு சலுகைக்கும் உள்ள எடையைக் கணிப்பது அம்முறை. மருத்துவரையும் மருத்துவ மாணவரையும் விடச் செவிலியரும் செவிலிய மாணவரும் இச்சலுகைகளுக்கு மிகுதியாக இணங்கினர் என்பது 2013இல் வெளியான அதன் முடிவு. குறைந்த செலவில் மிகுந்த பயன் கிடைக்கும் இடம் செவிலியர் பணி என்பது இதன் பொருள்.

தமிழ்நாடு இதைத் தன் செயலாலேயே ஒருமுறை மெய்ப்பித்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைமாற்றிப் பணியமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கச் செய்த பிறகே, ஊரகப் பெண்கள் அந்நிலையங்களை நள்ளிரவிலும் நம்பி வரத் தொடங்கினர். ஆனால் அதே மாநிலத்தில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி ஒப்பந்தமுறையில் பணியமர்த்தப்பட்ட செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினர். தொகுப்பூதியம் என்பது அடிப்படை ஊதியம், படி, ஓய்வுக்கால உரிமை என்ற பிரிவுகள் ஏதுமின்றி மொத்தமாக ஒரு தொகை தருவது. நிரந்தரப் பணி கோரி அவர்கள் 2017இல் சென்னையில் திரண்டனர். சொந்த ஊருக்கு நெடுந்தொலைவில், வாடகை வீட்டில், நிரந்தரம் எப்போது என்றறியாமல் பணிபுரியும் பெண்ணுக்கு, மலைப்படியைவிட முதலில் தரப்படவேண்டியது முழு ஊதியமே. அடிப்படை ஊதியம் நேர்மையாக இல்லாத இடத்தில் அதன்மேல் வைக்கும் எந்தப் படியும் நிற்காது.

தங்கவைக்கும் பணம் எவ்வடிவில் இருக்கவேண்டும் என்பதை இவ்வனுபவங்களிலிருந்து உய்த்துணரலாம். முதலாண்டிலும் பத்தாமாண்டிலும் ஒரே அளவாக இருக்கும் படி, தங்குதலுக்கு ஈடாகாது. ஒரே நிலையத்தில் தொடரும் ஒவ்வோராண்டும் படி ஏறவேண்டும். ஐந்தாண்டு நிறைவில் பிள்ளைகளின் கல்விக்கோ வீடு கட்டவோ ஒரு பெருந்தொகை சேரவேண்டும். கடினப் பகுதி என்பதை அரசாணைப் பட்டியலால் வரையறுப்பதைவிட, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை மழைக்காலத்தில் அடைய ஆகும் நேரத்தால் வரையறுப்பது பாதுகாப்பானது. காகிதத்தில் மலையிலும் நடைமுறையில் நகரத்திலும் ஒருவரை இருக்கவிடும் மாற்றுப்பணி முறை, படியின் பொருளையே அழித்துவிடுவதால், படி பணியிடத்தைச் சார்ந்ததாக இல்லாமல் அங்கிருந்த நாட்களைச் சார்ந்ததாக அமையவேண்டும். வீடு படிக்கு முன்பே கட்டப்பட்டிருக்கவேண்டும்.

எனினும் இந்த ஏற்பாடுகள் யாவும், தொலைவிலிருந்து ஒருவர் வருவார் என்ற எண்ணத்தின் மீதே நிற்கின்றன. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990இல் தொடங்கிய அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையும், தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கியில் 1990களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் நல முயற்சியும் வேறு வழியைக் காட்டின. அவ்விடங்களில் பணியர், பெட்டக்குறும்பர், மலையாளி முதலிய பழங்குடிகளின் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தனர். அவர்கள் தம் தாய்மொழியிலேயே நோய் கேட்டனர்; எந்த வீட்டுக்கு எந்த ஒற்றையடிப்பாதை செல்லும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடம்பெயர்ந்து வருவோருக்கே ஈடு என்று எழுதப்பட்ட திட்டங்களில், எங்கும் பெயராமல் பிறந்த மண்ணிலேயே பணிபுரியும் இப்பெண்களுக்கு நிதித் தலைப்பே கிடையாது. மலைக்கு என ஒதுக்கப்படும் நிதியிலிருந்து அவர்களுடைய படிப்புக்கும், நகரச் செவிலியருக்கு நிகரான ஊதியத்துக்கும், பணிமூப்புக்கும் ஒரு பகுதியைப் பிரித்துவைப்பதற்கு அரசாணையில் ஒரு பத்தி போதும். அப்பத்தி இன்னும் எழுதப்படவேண்டியிருக்கிறது.